இலையும் பொன்னும்: பிரைட் நகரின் இலையுதிர்காலத் திருவிழாவுக்குப் போகும் நம்மவர்களுக்கு

மெல்பேர்ணில் உள்ள பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கிவரப் புறப்படும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர், டண்டினோங் கடைத்தெருவையும் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலையும் பார்த்து, ஒருநாள் கடற்கரைப் பக்கம் போய்வந்து, மிகுதி நாட்களைப் பேரப்பிள்ளைகளோடு வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பயணம் ஏப்ரல் கடைசியில் அமையுமானால் நான் அவர்களுக்குச் சொல்லும் இடம் பிரைட். விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கு மலைகளுக்குள், ஓவென்ஸ் ஆற்றின் கரையில், மெல்பேர்ணிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் பழைய பொன் தோண்டிய ஊர் அது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதற்பகுதிவரை ஏறக்குறைய பத்து நாட்கள் அங்கே இலையுதிர்காலத் திருவிழா நடக்கும். மகளின் குடும்பத்தோடு நானும் மனைவியும் அங்கே தங்கியிருந்தபோது கண்டவற்றையும், நம் வயதினர் போகும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் இலையைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் அந்த ஊரில் இலையைத் தனியாகவும் பொன்னைத் தனியாகவும் பார்த்துவிட முடியாது. அவுஸ்திரேலியாவின் சொந்த மரமான யூக்கலிப்டஸ் இலையுதிர்காலத்தில் நிறம் மாறுவதும் இல்லை, மொத்தமாக இலை உதிர்ப்பதும் இல்லை. பிரைட்டின் தெருக்களில் மஞ்சளும் செம்மஞ்சளும் கருஞ்சிவப்புமாக நிற்கும் மேப்பிள், ஓக், எல்ம், பொப்லர், லிக்குவிடம்பர் ஆகிய எல்லாமே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. 1850களில் பொன் தேடி வந்தவர்கள் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் வீடு கட்டவும் குன்றுகளை வெட்டி வெளியாக்கினார்கள். தோண்டும் இடமாக இருந்தது நிலையான ஊராக மாறிய பிறகு, குடியேறியவர்கள் தங்கள் பிறந்த நாட்டு மரங்களைத் தெருவோரம் நட்டார்கள். இன்று சுற்றியுள்ள குன்றுகளில் கரும்பச்சையாகத் தெரிவனவற்றில் பெரும்பகுதியும் இயற்கைக் காடல்ல, பிற்காலத்தில் வளர்த்த பைன் தோட்டங்களே. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த மஞ்சள் மரங்களைப் பார்க்கும் பார்வை வேறாகிவிடும் என்பது என் அனுபவம்.

நிறம் மாறுவதற்கு அந்தப் பள்ளத்தாக்கின் காலநிலையும் ஒரு காரணம். பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்துச் சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளிப்படுகிறது. சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்த வேளையில் புதிதாக உண்டாவது, அதற்கு வெயிலடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் அடுத்தடுத்து வேண்டும். ஆகவே எந்த ஆண்டில் எந்தக் கிழமை நிறம் உச்சத்தில் இருக்கும் என்று யாரும் முன்கூட்டியே உறுதி சொல்ல மாட்டார்கள். நாங்கள் போனபோது பொப்லர்கள் பாதிக்கு மேல் கொட்டிவிட்டிருந்தன, மேப்பிள்கள் நல்ல நிறத்தில் நின்றன. டிலேனி அவெனியூ என்ற சாலையின் இருபுறமும் நிற்கும் மரங்களைக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்க்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு வாகனங்கள் வரிசையாக வந்து, படம் எடுப்பவர்கள் நடுவீதியில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள்.

தங்குமிடம் பற்றி முதலில் சொல்லவேண்டியது, அது வேளைக்கே முடிந்துவிடும் என்பதுதான். திருவிழா வாரஇறுதிகளில் ஓர் இரவுக்கு மட்டும் அறை தரமாட்டோம், இரண்டு மூன்று இரவுகளுக்குச் சேர்த்தே தருவோம் என்று பல இடங்களில் சொல்வார்கள், கட்டணமும் ஏறியிருக்கும். மருமகன் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிந்துவைத்ததால்தான் எங்களுக்குச் சமையலறையோடு கூடிய சிறுவீடு கிடைத்தது. நம்மவர்களுக்குச் சமையலறை இருக்கும் இடமே நல்லது என்று நினைக்கிறேன். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு அந்த ஊர்க் கடைகளில் உணவு கிடைக்காமல் இல்லை. ஆனால் திருவிழா நாளில் ஒரு மேசைக்காக நாற்பது ஐம்பது பேருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும், இரவு எட்டு மணிக்குப் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, கறித்தூள், ஒரு சிறிய சோற்றுப் பானை ஆகியவற்றைக் காரில் கொண்டுபோனோம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: தாளிதம் செய்யும்போது யன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியையும் போட்டுவிடுங்கள். செத்தல் மிளகாய்ப் புகைக்கு அங்குள்ள எச்சரிக்கை மணி உடனே அலறத் தொடங்கிவிடும்.

ஏப்ரல் 25ஆம் திகதி அன்சாக் தினம், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் விடுமுறை. அன்று விக்டோரியாவில் பெரும்பாலான கடைகள் பிற்பகல் ஒரு மணிவரை திறக்கமாட்டா. திருவிழாவுக்கு நடுவிலோ தொடக்கத்திலோ அந்த நாள் வரக்கூடும் என்பதால், பாலும் பாணும் முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். விடியற்காலையில் நடக்கும் நினைவு வழிபாட்டுக்கு யாரும் போகலாம். நாங்கள் போய்ப் பின்வரிசையில் நின்றோம்.

குளிரைப் பற்றி நம்மவர்களிடம் எவ்வளவு சொன்னாலும் போதாது. நண்பகலில் மெல்லிய மேற்சட்டை போதும் என்று தோன்றும் அளவுக்கு வெயில் இருக்கும். அடுத்த நாள் காலை 5 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கியிருக்கும். ஒரே பெரிய அங்கியைக் கொண்டுபோவதைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடுப்புகளே உதவும். சேலையோடு போகும் பெண்கள் உள்ளே கம்பளிக் காற்சட்டையும் காலுறையும் போட்டு, செருப்பை விட்டுச் சப்பாத்து அணிவது நல்லது. அழகாகக் கிடக்கும் இலைக்குவியல் ஈரமானால் மிக மோசமாக வழுக்கும், கீழே நடைபாதையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. முழங்கால் நோவுள்ள என் மனைவி ஊன்றுகோலைக் கொண்டுவர முதலில் வெட்கப்பட்டாள். போன இடத்தில் அவளிலும் இளையவர்களே கோலோடு நடப்பதைக் கண்டபின் அதைக் கையைவிட்டு வைக்கவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தை மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும். கோடைக் காட்டுத்தீயைத் தடுப்பதற்காக இலையுதிர்காலத்தில் காட்டின் பகுதிகளைத் திட்டமிட்டு எரிப்பது அந்த மாநிலத்தின் வழக்கம், அந்தப் புகை குளிர்ந்த காலைகளில் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும்.

திருவிழாவின் பெரிய சனிக்கிழமையில் வீதிகளை மறித்து ஊர்வலம் விடுகிறார்கள், சந்தை போடுகிறார்கள், பாட்டும் கூத்தும் நடக்கின்றன. நிகழ்ச்சி நிரல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். என் மதிப்பீட்டில் அந்த ஒருநாள், பிள்ளைகளுக்கு நல்லநாள். பெரியவர்களுக்கு நிற்கவும் இருக்கவும் இடமில்லாத நாள். மலசலகூடத்துக்கும் வரிசை. அந்தச் சனிக்கிழமையை விட்டு, திங்களிலிருந்து வியாழன்வரை வரும் நாட்களில் போனால் அதே மரங்களையும் அதே ஆற்றையும் அமைதியாகப் பார்க்கலாம், அறைக் கட்டணமும் இறங்கியிருக்கும். ஊர்வலத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால், காலை ஒன்பது மணிக்கு முன்பே மடக்குக் கதிரையோடு போய் நிழலான ஓரத்தில் அமர்ந்துவிடவேண்டும்.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் ஆறு வந்துவிடும். ஊர்வலம் பார்க்க வந்த கூட்டத்தில் மிகச் சிலரே அந்தப் பக்கம் நடந்ததைக் கண்டேன். கன்யன் நடை என்று அழைக்கப்படும் ஆற்றங்கரைப் பாதை அங்கிருந்துதான் செல்கிறது. தொடக்கத்தில் சமதரையாக இருக்கும் பாதை, போகப்போக வேரும் கல்லுமாக ஒடுங்கும். முழங்கால் நோவு உள்ளவர்கள் முதற்பகுதியோடு திரும்பிவிடலாம், அதற்குள்ளேயே பார்க்கவேண்டியது கிடைத்துவிடும். ஆறு அங்கே அகலமான மணற்படுகையில் ஓடவில்லை, செங்குத்தான கற்சுவர்களுக்கு இடையில் ஓடுகிறது. கரையோரப் பாறையில் மனிதக் கை வெட்டிய வாய்க்கால்கள் தெரிகின்றன. நீரைத் திருப்பி, படுகையை வற்றச்செய்து, அடியில் படிந்த சரளையை அள்ளுவதற்காகவும், கழுவிய மண்ணை வெளியேற்றுவதற்காகவும் வெட்டியவை அவை. ஓரிடத்தில் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். கூந்தாலி இறங்கிய தழும்புகள் சாய்ந்த கோடுகளாகப் பாசிக்குள் இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டன. கிணறு வெட்டுவதற்குச் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து பழகிய ஊரில் பிறந்தவன் ஆகையால், கல்லை அந்த ஆழத்துக்கு இறக்குவது எத்தனை பேருடைய எத்தனை நாள் முதுகு நோவு என்று எனக்கு ஓரளவு கணக்குத் தெரியும்.

அந்த ஊருக்கு முதலில் மோர்ஸ் கிறீக் என்று பெயர். 1861இல் ஆங்கிலேய அரசியல்வாதி ஜோன் பிரைட்டைக் கௌரவித்து அவர் பெயருக்கு மாற்றினார்கள். மேற்பரப்புப் பொன் தீர்ந்தபின் குன்றுகளை நீர்ப்பாய்ச்சலால் கரைத்தார்கள், பிறகு வாளிகளால் மண்ணை அள்ளிக் கழுவும் மிதக்கும் இயந்திரங்களை ஆற்றுச் சமவெளியில் இறக்கினார்கள். ஆற்றோரத்தில் மண்ணே இல்லாமல் உருளைக் கற்கள் மட்டும் மேடுமேடாகக் கிடப்பதைக் கண்டால், அவை கழுவி எறிந்த மிச்சங்கள் என்று கொள்ளலாம். பிரைட்டிலிருந்து மலைப்பக்கமாகப் போனால் வரும் ஹரியட்வில் என்ற சிற்றூரில், 1940களில் தொடங்கி 1950களின் நடுப்பகுதிவரை ஒரு பெரும் வாளி இயந்திரம் தோண்டிய குழி இன்று நீர் நிறைந்த சிறு ஏரியாகக் கிடக்கிறது. அந்த இயந்திரத்துக்குப் பெயர் திரோனோ. அந்தப் பெயர் மலாயாவின் பேராக்கில் வெள்ளீயம் தோண்டிய ஊரின் பெயர். மலாயாப் பென்சனில் வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருப்பதால், அவுஸ்திரேலிய மலையடிவாரப் பெயர்ப்பலகையில் அதைக் கண்டு நின்றுவிட்ட யாழ்ப்பாணத்தான் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன் என்று எண்ணவில்லை.

வாண்டிலிகொங் பிரைட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு, காரில் பத்து நிமிடமும் ஆகாது. அப்பிளும் கொட்டை மரங்களும் வளரும் அமைதியான இடம். அங்கே மோர்ஸ் கிறீக் ஓடைக்கு மேலே சீனத் தொங்குபாலம் என்று ஒன்று இருக்கிறது. பாலம் லேசாக ஆடும், நடுவில் நின்று கீழே பார்த்தால் பொன் தோண்டிய பள்ளங்கள் மரங்களுக்குள் தெரியும். அந்தப் பெயரைத் தொடர்ந்து போனால்தான் திருவிழாவில் காணமுடியாத ஒரு கதை கிடைக்கும். பொன்னுக்காகத் தென்சீனாவிலிருந்து வந்தவர்கள் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1855இல் விக்டோரியா அரசு கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனரிடமும் பத்து ஸ்ரேர்லிங் பவுண் வரி கேட்டது. அதனால் அவர்கள் அண்டை மாநிலமான தென் அவுஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்தே பொன்வயல்களுக்கு வந்தார்கள். 1857 ஜூலை 4ஆம் திகதி, பிரைட்டுக்கு அருகிலுள்ள பக்லண்ட் பள்ளத்தாக்கில், பொன் தோண்டும் ஐரோப்பியர் ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களை அடித்து விரட்டி, கூடாரங்களையும் கடைகளையும் வழிபாட்டிடத்தையும் எரித்தார்கள். அது அங்கே நடுக்குளிர்காலம், ஓடியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். பீச்வேர்த்திலிருந்து காவலரோடு விரைந்த அதிகாரி ரொபர்ட் ஓஹாரா பேர்க், பின்னர் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் பயணத்துக்குத் தலைமை தாங்கி 1861இல் பாலைவெளியில் இறந்தவர். கைதானவர்களில் பெரும்பாலோரை நடுவர்குழு விடுவித்துவிட்டது.

இதை வாசித்தபோது எனக்கு ஒக்ரோபர் 30 என்ற திகதிதான் மனத்தில் வந்தது. 1995இல் அந்த நாளில் நாங்கள் போரால் வீட்டைப் பூட்டிவிட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் என்பதை எல்லோருக்கும் சொல்கிறோம், ஆனால் அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே திகதியில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேரக் கெடுவில் வெளியேற்றப்பட்டதைப் பிள்ளைகளிடம் அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. அன்று மாலை மருமகனிடமும் மகளிடமும் அதைப் பற்றி நெடுநேரம் பேசினேன். பேரனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேரனின் ஆசை முழுவதும் பொன் அரிப்பதில் இருந்தது. விக்டோரியாவில் அதற்கு மைனர்ஸ் றைற் என்ற உரிமம் வேண்டும், சிறு கட்டணம் கட்டி எடுத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். முன்னர் மாதம் முப்பது ஷில்லிங் வரி விதித்து, அதை வாங்கக் காவலரை ஏவி, அந்தக் கொதிப்பு 1854 டிசம்பரில் பலரட்டில் யுரேக்காக் கலகமாக வெடித்தபின், 1855இல் வரிக்குப் பதிலாகக் கொண்டுவந்த உரிமம் அது, பெயர்கூட இன்னும் மாறவில்லை. கைக்கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம், தோண்டிய குழியை மூடவேண்டும், கிடைத்த பொன் உங்களுக்கே சொந்தம். எல்லா ஓடையிலும் இறங்க முடியாது, மவுண்ட் பஃபலோ போன்ற தேசியப் பூங்காவில் கையே வைக்கக்கூடாது. எங்கே அனுமதி உண்டு என்று ஊரிலுள்ள சுற்றுலாத் தகவல் நிலையத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

அனுமதியுள்ள ஓடையொன்றில், பச்சைப் பிளாஸ்ரிக் தட்டில் ஒரு பிடி சரளையைப் போட்டு, மருமகன் காணொளியில் பார்த்தபடி சுழற்றினார். எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிப் போனது. கரையில் கல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "தம்பி, அதை இஞ்சை தாங்கோ" என்று வாங்கினாள். தட்டின் உட்பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் இருந்தது. நம் அடுப்படிகளில் அரிசியிலுள்ள கல்லை அரிக்க வைத்திருந்தோமே அரிக்கன்சட்டி, அதன் உட்புறம் போலவே. தட்டைச் சற்றே சரித்து, நீரை உள்ளே விட்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து அசைத்து வடித்தாள். அரிசியில் கல் அடியில் தங்கும், அரிசி நீரோடு வெளியே வரும். இங்கே கல்லே நீரோடு வெளியேறவேண்டியது, பொன் அடியில் தங்கவேண்டியது. சாதாரணக் கல் நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே கூடிய பாரம், பொன்னோ பத்தொன்பது மடங்குக்கும் மேலே. ஆகவே அவசரப்படாத கைக்கு அது தப்பிப் போவதில்லை. கடைசியில் ஒரு தேக்கரண்டி அளவு கரிய இரும்பு மணல் எஞ்சியது. அதை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கியபோது, வரியின் மூலையில் ஊசி முனையளவில் இரண்டு மஞ்சள் பொட்டுகள் நின்றன. நிழலுக்குள் பிடித்தாலும் அவற்றின் நிறம் மாறவில்லை. மினுங்கும் அப்பிரகமாக இருந்தால் நிழலில் ஒளி செத்துவிடும்.

"அம்மம்மா, இதை வித்தா எவ்வளவு வரும்?" என்று பேரன் கேட்டான்.

"ஒரு மூக்குத்திக்கும் காணாதடா" என்றாள் அவள்.

அவனுடைய அம்மாவின் படிப்புச் செலவுக்காகக் கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் அவள் கழற்றிக் கொடுத்தது எத்தனை பவுண் என்பதை அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. பொட்டுகளைச் சிறு கண்ணாடிக் குப்பிக்குள் நீரோடு விட்டுக் கொடுத்தோம். அரிக்கப் போகும் பெரியவர்கள் குனிந்தபடி நிற்காமல், தாழ்ந்த முக்காலி ஒன்றைக் கொண்டுபோய் நீரோரம் இருந்து செய்யவேண்டும். அந்த ஓடை நீரில் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், றப்பர் கையுறை இருந்தால் சுகம்.

வாகனம் இல்லாதவர்கள் மெல்பேர்ணிலிருந்து புகையிரதத்தில் வாங்கரட்டா வரை போய், அங்கிருந்து இணைப்புப் பேருந்தில் பிரைட்டுக்குப் போகலாம். ஆனால் வாண்டிலிகொங்கும் ஹரியட்வில்லும் அப்படிப் போகிறவர்களுக்கு எட்டாது. 1890இல் பிரைட்டுக்கு வந்து 1983இல் மூடப்பட்ட பழைய புகையிரதப் பாதை இப்போது சைக்கிள் ஓடும் தடமாகிவிட்டது, பழைய நிலையக் கட்டடத்தில் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. திறக்கும் நேரம் குறைவு, கேட்டுக்கொண்டு போகவேண்டும். காரில் போகிறவர்கள் மாலை ஐந்தரைக்கே இருட்டத் தொடங்குவதைக் கணக்கில் எடுக்கவேண்டும், மலைகள் மறைப்பதால் பள்ளத்தாக்கில் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். மங்கல் நேரத்தில் கங்காருக்கள் வீதிக்குக் குறுக்கே பாயும் என்பதால், மருமகன் அந்நேரத்தில் கார் எடுக்க மறுத்துவிட்டார், அது சரியான முடிவு.

திரும்பும் நாளில் மேர்ட்டில்போர்ட் வழியாகப் பீச்வேர்த்துக்கு ஏறிப் போனோம். அதுவும் பொன்னூர்தான், கருங்கல்லில் கட்டிய பழைய கட்டடங்கள் நிறைந்தது. அங்குள்ள மயானத்தின் சீனப் பகுதியில், இறந்தவர்களுக்காகக் காகிதக் காணிக்கைகளை எரிப்பதற்கென 1857இல் கட்டிய இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன, பக்லண்டில் விரட்டியடித்த அதே ஆண்டு. பிரைட்டின் நிறங்களைப் பார்த்த கையோடு அந்த இடத்தையும் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். மயானம் ஊர் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், நடக்கமுடியாதவர்களை வாயில்வரை காரிலேயே கொண்டுபோகலாம். அங்கிருந்து ஹியூம் நெடுஞ்சாலைக்கு இறங்கி, மூன்று மணிக்கு முன் புறப்பட்டால், பெரும்பகுதி வெளிச்சத்திலேயே மெல்பேர்ணை நோக்கி ஓடிவிடலாம்.